டெக்கத்லான், பிட்ஸ், எக்ஸ்ட்ரா: ஏரோபேட்டிக் போட்டிக்கு எதில் ஏறுவது?

ஏரோபேட்டிக், அதாவது விமானத்தில் வானில் குட்டிக்கரண சாகசம் செய்யும் போட்டியில் பறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கையில் இருக்கும் பணம் கொஞ்ச மணி நேரத்துக்குத்தான் வரும். அந்த மணி நேரங்களை எந்த விமானத்தில் செலவழிப்பது? கீழக்கரையில் இருக்கும் என் தங்கை மகன் கேட்ட கேள்வி இது. கமர்ஷியல் பைலட் உரிமம் வாங்கிவிட்டான். ஏர்லைனில் இருந்து அழைப்பு வரும்வரை சும்மா உட்காரப் பிடிக்காமல், அமெரிக்காவில் ஏதாவது ஒரு பள்ளியில் சேர்ந்து பழகி, முடிந்தால் ஒரு போட்டியிலும் இறங்கிப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறான். அவன் எழுதிக் காட்டிய பட்டியலில் சூப்பர் டெக்கத்லான், பிட்ஸ் எஸ்-2சி, எக்ஸ்ட்ரா 300, யாக்-52, கேப் 10 என்று ஐந்து பெயர்கள். ஆறாவதாக, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, எட்ஜ் 540.

நான் பைலட் இல்லை. வளைகுடாவில் சின்ன விமானங்களின் ஹேங்கரில் மெக்கானிக்காக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். ஓட்டுகிறவர்கள் இறங்கி வந்ததும் எதைச் சொல்லிப் புலம்புவார்கள், அவர்கள் போன பிறகு மெஷினில் எதைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்பது தெரியும். அந்தக் கோணத்தில் இருந்துதான் எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணத்தில் பாதிக்கு மேல் டெக்கத்லானில் போகட்டும், மீதி எக்ஸ்ட்ராவில். பிட்ஸ், பிற்பாடு சொந்தமாக ஒன்று வாங்கும் எண்ணம் உள்ளவனுக்கு. மற்றவற்றை இந்தச் சுற்றில் விட்டுவிடலாம்.

நட்சத்திரம் போட்டதை முதலில் முடிப்போம். எட்ஜ் 540, அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் கத்ரி என்ற ஊரில் ஜிவ்கோ நிறுவனம் கட்டுவது. 340 குதிரைத்திறன், விநாடிக்கு 420 பாகை, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கும் மேல், பக்கவாட்டில் உருளும். அபுதாபியில் ரெட்புல் ஏர் ரேஸ் நடந்த வருடங்களில், வெள்ளிக்கிழமை லீவு போட்டுக் கடற்கரையில் நின்று பார்த்த நம்மூர்க்காரர்கள் பலர். அவர்கள் போனில் எடுத்து அனுப்பிய வீடியோவில்தான் என் மருமகனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, அது ரேஸ். காற்றடித்த தூண்களுக்கு நடுவே நேரத்தோடு ஓடுவது. ஏரோபேட்டிக் போட்டியில் கடிகாரம் கிடையாது, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நடுவர்கள்தான். இரண்டாவது, எட்ஜ் பெரும்பாலும் ஒற்றை இருக்கை விமானம். ஆசிரியர் எங்கே உட்காருவார்? இதே காரணத்துக்காக எக்ஸ்ட்ரா 330எஸ்சி, சுகோய் எஸ்யூ-26 ஆகியவையும் பட்டியலுக்குள் வர முடியாது.

சுகோய் என்றதும் நம் பக்கத்தில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ராமேஸ்வரத்துக் கலாம் ஐயாதான். குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2006-ல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, புனேயில் சுகோய்-30 போர் விமானத்தில் ஏறிப் பறந்தார். அதே வடிவமைப்பகம்தான் 1984-ல் எஸ்யூ-26 என்ற சின்ன ஒற்றை இருக்கை விமானத்தையும் பறக்கவிட்டது. ஒன்பது சிலிண்டர் ரேடியல் என்ஜின், 360 குதிரைத்திறன், கூட்டல் 12 ஜி, அதாவது சொந்த எடையைப் போல 12 மடங்கு வரை தாங்கும் உடம்பு, அந்த ஜி-யை பைலட் தாங்குவதற்காகப் பின்னால் நன்றாகச் சாய்த்த இருக்கை. ரஷ்யாவின் ஸ்வெத்லானா கபானினா பெண்கள் பிரிவில் திரும்பத் திரும்ப உலகப் பட்டம் வாங்கியது சுகோய் விமானங்களில்தான். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அது ஏற்கெனவே கற்றவர்கள் ஏறும் வண்டி.

போட்டியில் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் விமானத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். வானத்தில் 1000 மீட்டர் நீளம், 1000 மீட்டர் அகலத்துக்கு ஒரு பெட்டி. தரையில் குறி போட்டிருப்பார்கள். பாம்பன் ரயில் பாலத்தில் ஏறக்குறையப் பாதி தூரம்தான் அதன் ஒரு பக்கம். 150 நாட் வேகத்தில் போகும் விமானம் அதை 13 விநாடியில் கடந்துவிடும். அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக உருவங்களை வரைய வேண்டும்: மேலே போய்த் திரும்பி வரும் வட்டமான லூப், பக்கவாட்டில் உருளும் ரோல், செங்குத்தாக ஏறி நின்று பக்கவாட்டில் திரும்பி இறங்கும் ஹேமர்ஹெட், பம்பரம் போலச் சுழன்று இறங்கும் ஸ்பின் ஒரு சுற்று, இப்படி. ஒவ்வொரு உருவத்தையும் கோட்டுச் சித்திரமாக எழுதும் முறையைத் தொகுத்தவர் ஸ்பெயின்காரர் ஹோசே லூயிஸ் அரெஸ்தி. அந்தச் சித்திரத் தாளை பேனலில் ஒட்டிக்கொண்டுதான் பறப்பார்கள். ஏறுவதற்கு முன் தரையில், உள்ளங்கையை இறக்கையாக வைத்துக்கொண்டு, மந்திரம் ஜபிப்பவர்கள் போல முணுமுணுத்தபடி நடந்து நடந்து பழகுவார்கள். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். உலக சாம்பியனும் அப்படித்தான் நடப்பார்.

ஒவ்வொரு உருவத்துக்கும் மதிப்பெண் 10-ல் தொடங்கும். கோணம் 5 பாகை விலகினால் ஒரு மதிப்பெண் போச்சு. 45 பாகைக் கோட்டின் நடுவில் ரோல் போட்டால், ரோலுக்கு முன்னும் பின்னும் உள்ள கோடு ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். மிஞ்சிய மதிப்பெண்ணை அந்த உருவத்தின் கடினத்துக்கான எண்ணால் பெருக்குவார்கள். அமெரிக்காவில் பிரிவுகள் ஐந்து: பிரைமரி, ஸ்போர்ட்ஸ்மேன், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு, அன்லிமிடெட். முதல் இரண்டு பிரிவுகளில் 1,500 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. அன்லிமிடெட்டில் 100 மீட்டர் வரை இறங்கலாம். அதாவது தவறைத் திருத்திக்கொள்ள ஆகாயம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பிரிவே தீர்மானிக்கிறது.

அப்புறம் காற்று. பெட்டி தரையோடு நிற்கும், விமானத்தைக் காற்று தள்ளும். லூப் கீழே இருந்து பார்ப்பவர் கண்ணுக்கு வட்டமாகத் தெரிய வேண்டும், அதனால் காற்றுக்குத் தகுந்தபடி இழுக்கும் அளவை மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஆனால் செங்குத்துக் கோட்டில் விமானம் நிற்கும் நிலையைத்தான் பார்ப்பார்கள். அது காற்றோடு நகர்ந்தாலும் குற்றமில்லை, சாய்ந்தால்தான் குற்றம். பெட்டியின் எந்த ஓரத்தில் தொடங்கினால் கடைசி உருவம் வெளியே போகாமல் முடியும் என்பது முழுக்க முழுக்கக் காற்றுக் கணக்கு. கச்சான் அடிக்கும்போது தென்கடலில் வலை விட்டவர்களுக்கு இந்தக் கணக்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவையும் சொல்வது எதற்கு என்றால், ஆரம்பப் பிரிவுகளில் கேட்கும் எதற்கும் விநாடிக்கு 400 பாகை உருளும் இறக்கை தேவையில்லை. மதிப்பெண் போவது கோடு கோணலாவதால், வட்டம் முட்டை ஆவதால், ரோலின் நடுவில் மூக்கு அலைவதால்.

சூப்பர் டெக்கத்லானைப் பார்த்தால் போட்டி விமானம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். தலைக்கு மேலே இறக்கை, அதைத் தாங்கும் கம்பிகள், துணி போர்த்திய உடம்பு, பின்னால் ஒரு சின்ன சக்கரம். விஸ்கான்சினில் அமெரிக்கன் சாம்பியன் நிறுவனம் கட்டுகிறது. 180 குதிரைத்திறன் லைகோமிங் என்ஜின். தலைகீழாகப் பறந்தாலும் எண்ணெயும் எரிபொருளும் நிற்காமல் வரும்படி அமைத்தது. கூட்டல் 6, கழித்தல் 5 ஜி தாங்கும். மாணவர் முன்னால், ஆசிரியர் பின்னால். தலைகீழாகும்போது தரையைப் பார்க்க மேலே கண்ணாடிக் கூரை.

அதன் பலமே அதன் மந்தம்தான். கையில் பிடிக்கும் ஸ்டிக்கைப் பக்கவாட்டில் தள்ளினால் உருளும், ஆனால் மூக்கு எதிர்ப்பக்கம் போகப் பார்க்கும். காலால் ரட்டரை, அதாவது வாலில் உள்ள சுக்கானை, மிதித்தால்தான் சரியாகும். ரோலின் ஒவ்வொரு கால் சுற்றிலும் எந்தக் கால், எவ்வளவு, ஸ்டிக்கை முன்னால் தள்ள வேண்டுமா என்று யோசிக்க நேரம் இருக்கும். அதுவரை நேராகப் பறக்கவே பழகியவனுக்கு அந்த நேரம் பெரிய வரம். தலைகீழானால் மூக்கை நன்றாக மேலே தள்ளிப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் இறக்கை முழுச் சமச்சீர் இல்லை. செங்குத்தாக ஏறினால் கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கும். எனவே வேகத்தைப் பணம் மாதிரி எண்ணிச் செலவழிக்கக் கற்றுக்கொள்வான்: மணிக்கு 140 மைல் அளவில் லூப்புக்குள் நுழைந்து, மேலே போய் எவ்வளவு மிஞ்சுகிறது, கீழே வரும்போது எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று. ஸ்பின் ஒழுங்காக நுழைந்து ஒழுங்காக நிற்கும். ஏர்லைன் வேலைக்குப் போகப்போகிறவனுக்கும் உதவுகிற பாடம் இதுதான்: கட்டுப்பாடு கைவிட்டுப் போனது போலத் தோன்றும்போது என்ஜினைக் குறை, ஐலரானை, அதாவது விமானத்தை உருட்டும் இறக்கை மடலை, நடுவில் வை, எதிர்ப்பக்க ரட்டர், பிறகு ஸ்டிக்கை முன்னால். காலில் ஊறிப்போக வேண்டிய வரிசை.

குறை இல்லாமல் இல்லை. ஸ்டிக் கனம். இன்டர்மீடியட்டுக்கு மேல் போட்டியிட நினைத்தால் இந்த விமானம் போதாது. புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, ரோலின் நடுவில் தலைகீழாக இருக்கும்போது பயந்துபோய் ஸ்டிக்கை வயிற்றுப் பக்கம் இழுப்பது. விமானம் மூக்குக் குத்தி இறங்கும், வேகம் சரசரவென்று ஏறும். டெக்கத்லானின் உச்ச வேக வரம்பு மணிக்கு 200 மைல். அதைத் தொட நேரம் ஆகாது. ஆசிரியர் பின்னால் இருப்பதன் அர்த்தம் அந்த நொடியில் புரியும். மெக்கானிக்காக இன்னொன்று: பழைய டெக்கத்லான்களில் இறக்கையைத் தாங்கி அதற்குள் நீளமாக ஓடும் ஸ்பார் மரம், பிற்பாடு வந்தவற்றில் அலுமினியம். மர ஸ்பாரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அமெரிக்க விமானத்துறை கட்டாய உத்தரவு போட்டிருக்கிறது. வாடகைக்கு எடுக்கும் விமானம் எந்த வகை என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பிட்ஸ் கதையே வேறு. கர்ட்டிஸ் பிட்ஸ் என்ற அமெரிக்கர் 1940-களில் கட்டிய குட்டி இரட்டை இறக்கை விமானத்தின் வம்சம் இன்றைக்கும் தயாராகிறது. வயோமிங் மாநிலத்தில் ஆஃப்டன் என்ற ஊரில் ஏவியட் நிறுவனம் எஸ்-2சி-யைக் கட்டுகிறது. பெட்டி ஸ்கெல்டன் என்ற பெண் பைலட் 1949-லும் 1950-லும் பெண்கள் பட்டங்களை வாங்கிய பிட்ஸ் விமானம், வாஷிங்டன் பக்கத்தில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் தலைகீழாகத் தொங்குகிறது. 1972-ல் பிரான்சில் நடந்த உலகப் போட்டியில் அமெரிக்க அணி பிட்ஸ் விமானங்களோடு போய் அணிப் பட்டத்தையும், சார்லி ஹில்லார்ட் மூலம் ஆண்கள் பட்டத்தையும், மேரி காஃப்னி மூலம் பெண்கள் பட்டத்தையும் அள்ளிக்கொண்டு வந்தது. அதுவரை செக், ரஷ்ய விமானங்களின் ராஜ்யமாக இருந்த ஆட்டம் அது. 1960-ல் பிராட்டிஸ்லாவாவில் நடந்த முதல் உலகப் போட்டியையும் செக் நாட்டு லாடிஸ்லாவ் பெசாக்தான் ஜெயித்தார்.

எஸ்-2சி-யின் இறக்கை நீளம் மொத்தமே 6 மீட்டர் சொச்சம். அதற்கு 260 குதிரைத்திறன். மேல் இறக்கையிலும் கீழ் இறக்கையிலுமாக நான்கு ஐலரான். ஸ்டிக்கை நினைத்தாலே திரும்பும் என்பார்கள். ஸ்னாப் ரோல், அதாவது ஒரு பக்க இறக்கையை ஸ்டால் செய்து (தூக்கும் சக்தியை இழக்கச் செய்து) சுண்டிவிட்டது போல் சுழற்றுவது, பிட்ஸ் அளவுக்குச் சுலபமாக வேறு எதிலும் வராது என்று சொல்கிற பைலட்டுகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு அடுக்கு இறக்கையும் கம்பிகளும் காற்றை நிறையத் தடுப்பதால், மூக்குக் குத்தி இறங்கும்போது வேகம் ஓடிப்போகாது. கற்றுக்கொள்பவனுக்கு அது ஒரு பாதுகாப்பு.

பிரச்சினை தரையில். மூக்கு உயர்ந்து நிற்பதால் முன்னால் ஓடுதளமே தெரியாது. மெதுவாக இறங்க உதவும் ஃபிளாப் என்ற இறக்கை மடல் கிடையாது. பக்கவாட்டில் சரிந்தபடியே இறங்கி, கடைசி நொடியில் நேராக்கி, இரண்டு பக்க ஓரத்திலும் தெரியும் தரைப் பட்டையை மட்டும் நம்பிச் சக்கரத்தை வைக்க வேண்டும். உடம்பு குட்டை என்பதால் கொஞ்சம் கோணலாகத் தொட்டாலும் வால் முன்னுக்கு வரத் துடிக்கும். இதற்கு நல்ல பைலட் என்ன செய்வார்? திரும்பத் திரும்ப இறங்கிப் பழகுவார். அதுதான் என் ஆட்சேபம். விலை கொடுத்து வாங்கிய மணி நேரத்தில் கணிசமான பங்கு இறங்குவதற்கே போய்விடும். சொந்தமாக ஒற்றை இருக்கை பிட்ஸ் எஸ்-1 வாங்கி வருடக்கணக்கில் ஓட்டப்போகிறவன் அந்தச் செலவைச் செய்யத்தான் வேண்டும். போட்டிக்குத் தகுந்த விமானங்களில் குறைந்த காசுக்குக் கிடைப்பவற்றில் அதுவும் ஒன்று, வீட்டிலேயே கட்டியவர்களும் உண்டு. ஒரு பருவம் மட்டும் போய்வரும் என் மருமகனுக்கு அது தேவையில்லாத பாடம். நடுவர்கள் பக்கத்தில் இருந்தும் ஒரு சிரமம் சொல்வார்கள்: சின்னதாக, இரண்டு இறக்கையோடு இருக்கும் விமானத்தின் கோணத்தைத் தூரத்தில் இருந்து அளப்பது கஷ்டம். ஒற்றை இறக்கை விமானம் கத்தி மாதிரி தெளிவாகத் தெரியும். தெளிவாகத் தெரிந்தால் தப்பும் தெளிவாகத் தெரியும் என்பது வேறு விஷயம்.

எக்ஸ்ட்ரா 300-ஐ வடிவமைத்தவர் வால்டர் எக்ஸ்ட்ரா. ஜெர்மன்காரர், தானே போட்டியில் பறந்தவர். விமானம் முதலில் பறந்தது 1988-ல். இரும்புக் குழாய்ச் சட்டகம், இழையும் பிசினும் சேர்ந்த காம்போசிட் இறக்கை, 300 குதிரைத்திறன். ஒருவர் மட்டும் இருந்தால் கூட்டல் கழித்தல் 10 ஜி, இரண்டு பேர் இருந்தால் 8. இறக்கை முழுச் சமச்சீர். நேராகவோ தலைகீழாகவோ பறப்பது அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்டிக்கை நடுவில் கொண்டுவந்த இடத்தில் உருளல் டக்கென்று நிற்கும். செங்குத்தாக ஏறினால் ஏறிக்கொண்டே இருக்கும், கோட்டின் நடுவில் ரோல் போட்டு, பிறகும் கோடு வரைய இடம் இருக்கும். இடது இறக்கை நுனியில் ஒரு கம்பிச் சட்டம் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொடுவானத்தோடு பொருத்திப் பார்த்தால் 45 பாகையா, 90 பாகையா என்று பைலட்டுக்கே தெரியும். இறங்குவதும் பிட்ஸை விடச் சுலபம். ஒரு நுணுக்கம்: இறக்கை டாங்கிகள் காலியாக இருந்தால்தான் சாகசம் செய்யலாம், நடு டாங்கி மட்டும்தான். எனவே ஒரு முறை ஏறினால் பறக்கும் நேரம் தானாகவே அளவாகிவிடும்.

“மாமா, கடைசியில எக்ஸ்ட்ராதானே, அப்புறம் எதுக்கு டெக்கத்லான்ல சுத்தி வரணும்?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். பதில் இது. விநாடிக்கு 400 பாகை அளவில் உருளும் விமானத்தில் ஒரு முழு ரோல் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். ரட்டரை மிதித்தாயா இல்லையா என்று மூக்கு காட்டிக்கொடுக்கும் முன்பே சுற்று முடிந்து நேராக நிற்பாய். கற்றுவிட்டதாக நினைப்பாய். பிறகு போட்டியில் மெதுவாக உருளச் சொல்லும்போது, அல்லது நாலு இடத்தில் நின்று நின்று உருளச் சொல்லும்போது, கால் எங்கே என்று தேடுவாய். இன்னொன்று, ஸ்டிக் அவ்வளவு லேசு. புதியவன் லூப் தொடங்குவதற்காக இழுத்தால் கண் சிமிட்டுவதற்குள் 6 ஜி வந்துவிடும், பார்வை ஓரத்தில் இருந்து கருக்கும். காற்றுத் தடை குறைவு என்பதால் மூக்குக் குத்தினால் பிட்ஸ் போலப் பொறுத்திருக்காது. டெக்கத்லானில் கால் பழகி வந்தவன் எக்ஸ்ட்ராவில் ஏறிய முதல் நாளிலேயே, தான் ஏற்கெனவே வரைந்த உருவங்களைச் சுத்தமாக வரைவான். நேராக ஏறியவன் அந்தப் பணத்தில் ஜி தாங்கப் பழகிக்கொண்டிருப்பான்.

யாக்-52 மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. சோவியத் காலப் பயிற்சி விமானம், ருமேனியாவில் கட்டியது, எஸ்யூ-26-ல் உள்ள அதே குடும்பத்து ரேடியல் என்ஜின். கிளப்பினால் ஹேங்கரே அதிரும். ஆனால் அதன் புரொப்பெல்லர் லைகோமிங்குக்கு எதிர்த்திசையில் சுற்றும். பழகிய கால் எல்லாம் மாறிப்போகும். என்ஜின் கிளப்புவது, பிரேக், சக்கரம் மடக்குவது எல்லாம் அழுத்தக் காற்றில் நடப்பதால், ஈரம் சேர்ந்தால் குழாய்க்குள் துரு. எண்ணெய் வேறு குடிக்கும். கனமான உடம்பு, போட்டிக்காகப் பிறந்தது இல்லை. கேப் 10 பிரான்சின் மர விமானம், 180 குதிரைத்திறன். ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதால் அவர் கையும் காலும் செய்வது கண்ணுக்குத் தெரியும். ஐரோப்பாவுக்குப் போகிறவர் என்றால் டெக்கத்லானின் இடத்தில் தயங்காமல் இதை வைத்துக்கொள்ளலாம்.

பணத்தை விட முதலில் தீர்ந்துபோவது உடம்பு. அலையில் ஆடும் வத்தையில் உட்கார்ந்து சோறு தின்கிற பிள்ளைகூட, ஏரோபேட்டிக் விமானத்தில் முதல் நாள் வாந்திப் பை கேட்கும். அரை மணி, முக்கால் மணிக்கு மேல் புதியவருக்கு எதுவும் மண்டையில் ஏறாது. எக்ஸ்ட்ராவில் ஜி அதிகம் என்பதால் அந்த நேரம் இன்னும் குறையும். அதே சமயம் அதன் என்ஜின் ஒரு மணி நேரத்துக்குக் குடிப்பது டெக்கத்லானைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. டெக்கத்லானுக்கு மணிக்கு 10 கேலன் சுமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் தப்பான கணக்கு. கற்றுக்கொள்ள முடிகிற நிமிடத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஆரம்ப நாட்களில் டெக்கத்லான் வெகுதூரம் முன்னால் நிற்கும். ஒரே நாளில் மூன்று முறை ஏற்றுகிறோம், சீக்கிரம் முடிக்கலாம் என்று சொல்லும் பள்ளியை நம்ப வேண்டாம்.

வெயிலும் கணக்கில் வரும். விமானக் கணக்குகள் எல்லாம் கடல் மட்டத்தில் 15 டிகிரி என்று தொடங்கும். நம் கடற்கரையில் சித்திரை மாதம் 35 டிகிரி அடித்தால், மணலில் நிற்கும்போதே சுமார் 2,400 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் காற்று மெலிந்திருக்கும். என்ஜின் பலம் குறையும், செங்குத்துக் கோடு குட்டையாகும். 300 குதிரைத்திறன் இருப்பவனுக்கு அது ஒரு முணுமுணுப்பு. 180 இருப்பவனுக்கு அது பாதி உருவம். புளோரிடாவோ அரிசோனாவோ, டெக்கத்லானில் கற்பதென்றால் குளிர்காலத்தில் போவது நல்லது.

“ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து இங்கேயே வைத்துக்கொண்டால் என்ன?” என்று ஊரில் ஒரு பெரியவர் கேட்டார். காசு உள்ளவர், கேட்கலாம். எங்கே வைப்பது? உச்சிப்புளியில் இருக்கும் ஓடுதளம் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து. அங்கே எழுந்து இறங்குவது ஹெலிகாப்டரும் ஆளில்லா விமானமும். குட்டிக்கரணம் போட வருகிறவருக்கு அங்கே வேலை இல்லை. எதிரே இலங்கைக் கடல் எல்லை, தெற்கே மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள், நடுவில் கூட்டம் கூட்டமாகப் பறவைகள். பெட்டி போட இதைவிடப் பொருந்தாத வானம் கிடைக்காது.

அதை எல்லாம் விட்டாலும் உப்பு விடாது. இரும்புக் குழாய்ச் சட்டகம் டெக்கத்லான், பிட்ஸ், எக்ஸ்ட்ரா மூன்றுக்கும் பொது. குழாய்க்குள் ஆளி விதை எண்ணெய் ஊற்றிச் சுழற்றி வடித்து வைப்பது பழைய வழக்கம். உள்ளே தொடங்கும் துரு வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். பிட்ஸின் மர ஸ்பாருக்கு ஈரம் ஆகாது. காம்போசிட்டுக்கு உப்பைவிட வெயில் பகை. அதிகம் சூடானால் பிசின் இளகும் என்பதால் வெப்ப வரம்பு வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் வெள்ளைப் பூச்சு அடிப்பதற்கும் அதுதான் காரணம். அடுக்கு விட்டுப்போனதா என்று பார்க்க நாங்கள் ஒரு காசால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்போம், ஃபைபர் வள்ளத்தை வாங்கும்முன் மண்டபத்துக்காரர்கள் விரலால் தட்டிக் கேட்பது போல. மந்தமாக ஒலிக்கும் இடத்தில் வேலை இருக்கிறது என்று அர்த்தம். வாடகை விமானமாக இருந்தாலும் அது கடலோரத்தில் நிற்கிறதா, ஹேங்கருக்குள் நிற்கிறதா, திறந்தவெளியிலா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, அவனுக்கு நான் எழுதிக் கொடுத்த பங்கீடு: 20 மணி நேரத்துக்குப் பணம் இருந்தால் 12 டெக்கத்லானில். அதில் முதல் பகுதி ஸ்டால், ஸ்பின், வால்சக்கரத்தில் இறங்குவது. பிறகு ஸ்போர்ட்ஸ்மேன் உருவங்கள் ஒவ்வொன்றாக. கடைசியில் காற்றோடு பெட்டிக்குள் வரிசையாக. மீதி 8 எக்ஸ்ட்ராவில், அதே வரிசையை. புது உருவம் எதுவும் அங்கே தொடங்க வேண்டாம். போட்டிக்கு எதில் போவது? டெக்கத்லானில் பிரைமரி அல்லது ஸ்போர்ட்ஸ்மேன். எக்ஸ்ட்ராவைத் தனியாக ஓட்டக் கொடுக்கும் பள்ளிகள் குறைவு, காப்பீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். ஆரம்பப் பிரிவுகளில் பாதுகாப்புக்கு இன்னொரு பைலட்டை உடன் வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது, ஆனால் அவரையும் சேர்த்து இயந்திரம் சுமக்க வேண்டும்.

பணம் அனுப்பும் முன் பள்ளிக்கு எழுதிக் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. ஆசிரியர் போட்டியில் பறந்தவரா, அல்லது சுற்றுலாப் பயணிகளை ஒரு லூப் அடித்துக் காட்டி இறக்குகிறவரா? கீழே நின்று ரேடியோவில் கோணம் சொல்ல ஆள் உண்டா? வீடியோ எடுப்பார்களா? பாராசூட் கடைசியாக எப்போது மடித்துக் கட்டியது? அமெரிக்காவில் அதற்கு 180 நாள் கெடு. கடைசியாக, எடை. என் மருமகன் நல்ல ஆகிருதி உள்ளவன். அவனும், அதே போல ஒரு ஆசிரியரும், ஆளுக்கொரு பாராசூட்டும் ஏறினால் டெக்கத்லானில் சாகசத்துக்கு அனுமதித்த எடைக்குள் எவ்வளவு பெட்ரோல் ஊற்ற முடியும்? அரை மணிக்குக் கூடப் பற்றாது என்றால் வேறு ஆசிரியரைக் கேட்கலாம், அல்லது பிரியாணியைக் குறைக்கலாம். அந்தக் கணக்கை அந்த விமானத்தின் எடைத் தாளோடு எழுத்தில் வாங்கிய பிறகுதான் முன்பணம்.